ராத்திரி ஒன்றரை மணிக்கு அத்தையும் பட்டாணியும்

எங்கள் வீட்டில் ராத்திரி ஒன்றரை மணிக்கு எழுந்திருப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் மாமியார். வயது 71, இருபது வருடமாகச் சர்க்கரை நோய். இன்னொருத்தி பட்டாணி. ஷிட்சு இன நாய்க்குட்டி. எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு வயது 70 நாள், எடை ஒன்றரை கிலோகூட இல்லை.

இந்த இரண்டு பேரும் எப்படிக் கூட்டாளிகள் ஆனார்கள் என்பதைச் சொல்வதற்கு முன்னால், நான் செய்த ஒரு தப்பையும் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் இருப்பது பொத்தேரியில். ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் அடுக்குமாடி வீடு. பக்கத்திலேயே எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகம் என்பதால் எங்கள் பிளாக்கில் பாதி வீடுகளில் மாணவர்கள்தான். படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது மெத்தை, சைக்கிள், இண்டக்‌ஷன் அடுப்பு என்று எதையாவது யாருக்காவது கொடுத்துவிட்டுப் போவார்கள். மேல்மாடித் தம்பி ஒருவர் மட்டும் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாய்க்குட்டியோடு வந்து நின்றார். ஆசையில் வாங்கிவிட்டாராம். வீட்டு உரிமையாளர் கூடாது என்று சொல்லிவிட்டாராம். "ஆன்ட்டி, நீங்க வெச்சுக்கறீங்களா?"

ஏழாவது படிக்கும் என் மகள் அதற்குள் குட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டுவிட்டாள். வெள்ளையும் பழுப்புமாக, கண்ணை மறைக்கும் முடியோடு, உருட்டி வைத்த மாதிரி இருந்ததால் 'பட்டாணி' என்று பெயரும் வைத்துவிட்டாள்.

அத்தைக்குத் துளியும் இஷ்டமில்லை. "நாய்னா வாசலோட நிக்கணும். பூஜை ரூம் பக்கம் வரவே கூடாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

பகல் நன்றாகத்தான் போனது. ராத்திரி பதினோரு மணிக்கு ஹாலில் அட்டைப்பெட்டிக்குள் துண்டு விரித்து, பட்டாணியைப் படுக்க வைத்து, விளக்கை அணைத்துவிட்டு நாங்கள் அறைக்குள் போனோம். ஐந்தே நிமிடத்தில் ஆரம்பித்தது அழுகை. முதலில் முனகல், பிறகு வீல் என்று கத்தல், கடைசியில் ஊளை. கேட்டவர்கள் எல்லாரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: "கண்டுக்காதீங்க, அழுது அழுது தானா தூங்கிடும்." தூங்கவில்லை. கடைசி மின்சார ரயில் போனது, விடியற்காலை முதல் ரயிலும் வந்தது. பட்டாணியும் தூங்கவில்லை, நாங்களும் தூங்கவில்லை. நடுவில் கதவைத் திறந்து பார்த்தால் டைல்ஸ் தரையில் மூன்று இடத்தில் ஈரம்.

மூன்றாம் நாள் குடியிருப்போர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் 'இரவில் நாய்ச் சத்தம்' என்று ஒரு செய்தி வந்தது. பெயர் போடவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். 'நாய் அழுதா வீட்டுக்கு ஆகாது' என்று கீழ்வீட்டு அம்மா வேறு அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் ராத்திரிதான் பெரிய விஷயம் நடந்தது. அத்தை பாத்ரூம் போக எழுந்திருக்கிறார். இருட்டில் பட்டாணி விட்டுவைத்த ஈரத்தில் கால் வைத்துவிட்டார். வழுக்கி, கையை நீட்டி, ஃபிரிட்ஜ் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியதால் விழாமல் தப்பித்தார். தோளில் மட்டும் வலி.

என் கணவர் அன்றைக்குக் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அமைதியாகச் சொன்னார்: "நாளைக்கே அந்தத் தம்பிகிட்ட திருப்பிக் கொடுத்துடு. அம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைஞ்சா என்ன பண்றது? இந்த வயசுல எழுந்து நடக்க முடியுமா?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் திருப்பிக் கொடுத்தால் அந்தக் குட்டி எங்கே போகும்? மகள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். "ரெண்டே ரெண்டு நாள் டைம் குடுங்க" என்று கேட்டு வாங்கினேன்.

அந்த இரண்டு நாளில்தான் என் தப்பு. உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று கணக்குப் போட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, ஆறு மணிக்குத் தண்ணீர்க் கிண்ணத்தையும் எடுத்துவிட்டேன். அன்று ராத்திரி தரை ஈரமாகவில்லை. அழுகைகூட குறைவுதான். ஜெயித்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

காலை ஐந்தரை மணிக்கு எழுந்து வந்தால் பட்டாணி ஓடி வரவில்லை. பெட்டிக்குள் தலையைத் தொங்கப்போட்டுக் கிடந்தாள். தூக்கி நிறுத்தினால் கால் நிற்கவில்லை, உடம்பெல்லாம் நடுங்கியது. குளிர்கிறது போல என்று நினைத்துத் துண்டால் சுற்றிக்கொண்டிருந்தேன். அத்தை வந்து பார்த்தார். முதல் முறையாக அவளைத் தொட்டார்.

"ஏம்மா, ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பாடு போட்ட?"

"அஞ்சு மணிக்குத்தை."

"பன்னெண்டு மணி நேரம் ஆச்சா? எனக்கு லோ ஆகும்போது இப்படித்தானே கை நடுங்கும்! சர்க்கரையைக் கரைச்சு எடுத்துட்டு வா, ஓடு."

சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டுத் தொட்டுப் பட்டாணியின் ஈறில் தடவினார் அத்தை. "வாயில ஊத்தாத, புரையேறிடும்" என்று எனக்கு அதட்டல் வேறு. பத்து நிமிடத்தில் பட்டாணி தலையைத் தூக்கி அத்தையின் விரலை நக்கினாள். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உடனே ஆட்டோ பிடித்துக் கூடுவாஞ்சேரியில் இருக்கும் ஒரு கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு, "ரத்தத்துல சர்க்கரை இறங்கியிருக்கு. பாட்டிம்மா பண்ணினது சரியான முதலுதவி" என்றார். சிறிய இன நாய்க்குட்டிகளின் உடம்பில் சர்க்கரையைச் சேமித்து வைக்கும் வசதி மிகக் குறைவாம். சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே நடுக்கம், தள்ளாட்டம் வரும். கவனிக்காவிட்டால் வலிப்பு வந்து உயிரே போகலாம். சர்க்கரை தடவியதும் தெளிந்துவிட்டது என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல், கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். மூன்று மாதம் வரைக்கும் நாளைக்கு நான்கு வேளை சாப்பாடு, அதில் கடைசி வேளை ராத்திரி ஒன்பது மணிக்கு. தண்ணீரை மறைத்து வைக்கவே கூடாது.

அப்புறம் அவர் கேட்ட ஒரு கேள்விதான் எங்கள் வீட்டையே மாற்றியது. "இவ ராத்திரி எங்கே தூங்கறா?"

ஹாலில் தனியாக என்றேன். அவர் சிரித்தார். ஷிட்சு என்பது திபெத்திலிருந்து வந்து, சீன அரண்மனைகளில் மடியிலேயே வளர்க்கப்பட்ட இனம். மனிதர்கள் பக்கத்தில் இருப்பதற்காகவே உருவானது. அதிலும் இவளை நாற்பது நாளிலேயே தாயிடமிருந்து பிரித்து விற்றிருக்கிறார்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. "அம்மா, அண்ணன், தம்பின்னு ஒண்ணா சுருண்டு தூங்கின குழந்தை இது. திடீர்னு இருட்டுல தனியா விட்டா அடம் பண்ணலை, பயந்து கூப்பிடுது. அடுத்தது, அவளோட மூத்திரப்பை ஒரு எலுமிச்சம்பழம் அளவுகூட இருக்காது. பகல்ல ரெண்டு, மூணு மணி நேரம்தான் தாங்கும். ராத்திரி கொஞ்சம் கூட. நடுவுல ரெண்டு தடவை எழுப்பித்தான் ஆகணும்."

வழி எளிது. ஆனால் ஆள் வேண்டுமே! ஹாலில் உட்கார்ந்து பேசினோம். கணவருக்கு மறைமலை நகரில் ஷிப்ட் வேலை. எனக்குக் காலை எட்டு மணிக்கு வேலை ஆரம்பம். மகளுக்குப் பள்ளிக்கூடம். ராத்திரி இரண்டு தடவை யார் எழுந்திருப்பது?

"நான்தான் எழுந்திருக்கேனே!" என்றார் அத்தை. "ஒன்றரைக்கு ஒரு தடவை, நாலரைக்கு ஒரு தடவை. தினமும் எனக்கு அலாரமே வேண்டாம். போற வழியில அவளையும் கூட்டிட்டுப் போறேன்."

நாங்கள் மூன்று பேரும் அவரையே பார்த்தோம். "என்ன பார்க்கறீங்க? ராத்திரியில அடிக்கடி முட்டிக்கிட்டு வந்தா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

கணவர் இரண்டு நிபந்தனை போட்டார். நடக்கும் வழியெல்லாம் இரவு விளக்கு எரிய வேண்டும். குட்டி ராத்திரியில் வீடு முழுக்கச் சுற்றக் கூடாது. அத்தை கட்டிலை ஒட்டி ஒரு சின்னக் கம்பிக் கூண்டு வைத்தோம். கை நீட்டினால் தொடலாம். உள்ளே அத்தையின் பழைய சுங்குடிச் சேலையை நான்காக மடித்துப் போட்டோம். துவைத்த சேலை வேண்டாம், கட்டின வாசம் இருக்கட்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அத்தை அறையிலிருந்தே பால்கனிக்குக் கதவு உண்டு. அங்கே மாடித் தோட்டத்துக்கு வாங்கிய அகலமான தட்டில் மண் நிரப்பிப் புல் பதித்தோம். தடுப்பூசிகள் முடியும் வரை தெருவில் இறக்கக் கூடாது, பார்வோ வைரஸ் தொற்றும் என்பதால் அதுதான் பட்டாணியின் கழிப்பறை.

முதல் ராத்திரி கூண்டுக்குள் முனகினாள். அத்தை கட்டிலில் படுத்தபடியே கையைத் தொங்கவிட்டார். கம்பி வழியாக விரலை முகர்ந்துவிட்டு, அதை ஒட்டியே தூங்கிப்போனாள். எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்குப் பிறகு எல்லாரும் தூங்கிய ராத்திரி அது.

ஒன்றரை மணிக்கு அத்தை கூண்டைத் திறப்பார். "வாடி" என்று ஒரே வார்த்தை. பெரிய விளக்கு போடுவதில்லை, கொஞ்சுவதில்லை. எழுப்பி விளையாடினால் ராத்திரி என்பது விளையாட்டு நேரம் என்று நினைத்துக்கொள்ளும். புல் தட்டில் முடித்த அடுத்த நொடி, வேகவைத்த கேரட்டில் ஒரு சின்னத் துண்டு. மறுபடி கூண்டு. சர்க்கரை அளவு எழுதும் நோட்டிலேயே பட்டாணிக்கும் அத்தை ஒரு பத்தி ஒதுக்கினார். 'நான் 1.30, அவள் 1.35' என்று எழுதியிருந்ததைப் பார்த்து மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பகலிலும் ஒரு கணக்கு இருந்தது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடத்திலும், விளையாடி முடித்ததும் தட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். தரையை முகர்ந்து வட்டம் போட்டால் அவசரம் என்று அர்த்தம். ஒருநாள் ஹாலில் போய்விட்டாள் என்று கணவர் பேப்பரைச் சுருட்டித் தரையில் அடித்துக் கத்தினார். அதற்குப் பிறகு இரண்டு நாள் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போக ஆரம்பித்தாள். 'வீட்டுக்குள் போகக் கூடாது' என்று அவள் கற்றுக்கொள்ளவில்லை. 'இவர் கண்ணில் படக் கூடாது' என்றுதான் கற்றுக்கொண்டாள். அன்றோடு அதட்டலை விட்டோம். தரை துடைக்கும் முறையையும் மாற்றினோம். பினாயில் போட்ட தரையைக் குட்டி நக்கினால் ஆபத்து. அமோனியா கலந்த திரவமென்றால் அதற்கு மூத்திர வாசம்தான், அதே இடத்தைத் தேடி வரும். முதலில் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்தோம்.

சங்கத்து ஆட்களிடம் காட்டலாம் என்று, வீட்டில் நாய் வளர்ப்பதைக் குடியிருப்போர் சங்கம் தடை செய்ய முடியாது என்ற விலங்குகள் நல வாரியத்தின் 2015-ம் ஆண்டு வழிகாட்டுதலை எடுத்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. அத்தையே கீழே இறங்கிப் போய், "குழந்தைக்கு ஊர் புதுசு தம்பி, ஒரு பத்து நாள் பொறுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். பத்து நாள் கழித்துப் புகார் சொல்ல யாருக்கும் எதுவும் இல்லை.

எல்லாம் நேர்கோட்டில் போகவில்லை. ஒன்றரை மணியை வாரம் கால் மணி நேரமாகத் தள்ளிக்கொண்டே போய், பட்டாணி தாங்குகிறாள் என்று தெரிந்த பிறகுதான் விட்டோம். அக்டோபரில் மழை பிடித்ததும் நனைந்த புல்லில் கால் வைக்க மாட்டேன் என்றாள். தட்டுக்கு மேலே கூரை போட்டோம். தீபாவளி வெடிச் சத்தத்தில் பயந்து இரண்டு ராத்திரி கூண்டுக்குள்ளேயே போய்விட்டாள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி ஒன்றரை மணியிலிருந்து ஆரம்பித்தோம். ஐந்து மாதம் முடியும்போது, பத்தரைக்குப் படுத்தால் காலை ஐந்து மணி வரை தூங்க ஆரம்பித்தாள்.

இப்போது பட்டாணிக்கு ராத்திரி எழ வேண்டிய அவசியம் இல்லை. கூண்டின் கதவும் திறந்தேதான் இருக்கிறது. ஆனால் ஒன்றரை மணிக்கு அத்தை கட்டிலிலிருந்து காலை இறக்கியதும், அவளும் எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டு பின்னாலேயே போகிறாள். பாத்ரூம் வாசலில் உட்கார்ந்து காத்திருக்கிறாள். கதவு திறந்ததும் முன்னால் நடந்து அத்தையைக் கட்டில் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் படுக்கிறாள்.

கூண்டின் கதவு திறந்திருப்பதை ஒருநாள் கவனித்த என் கணவர் எதுவும் சொல்லவில்லை. இரவு விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தார்.