வண்டு என்று பெயர் பெற்ற பிள்ளை

நந்தி கருவுற்றிருக்கிறாள் என்று லங்கேனி குலத்தார் ஜூலுக்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். பிள்ளையாவது ஒன்றாவது, வயிற்றில் வண்டு புகுந்திருக்கும் என்று பதில் வந்தது. மாதவிலக்கை நிறுத்திவிடும் என்று அந்தப் பக்கத்தில் நம்பப்பட்ட அந்த வண்டுக்கு இஷாகா என்று பெயர். ஆண் குழந்தை பிறந்ததும், உங்கள் வண்டை வந்து அழைத்துப் போங்கள் என்று பெண் வீட்டார் திருப்பிச் சொல்லி அனுப்பினார்களாம். ஜூலு அரசர் ஷாகாவுக்குப் பெயர் வந்ததாக வழங்கும் கதை இது. அவர் பிறந்தது 1787 வாக்கில்.

தமிழ்க் காதுக்கு நந்தி என்றால் சிவன் கோயில் காளை. தென்னாப்பிரிக்காவில் அது ஒரு ராஜமாதாவின் பெயர். 2023 ஜூன் 18 அன்று மிசான்சி மேஜிக் அலைவரிசையில் தொடங்கிய 'ஷாகா இலெம்பே' தொடரில் அவளாக வருபவர் நொம்ஸாமோ ம்பாதா; ஷாகாவாக லெமோகாங் ட்சிபா. பாத்திரங்கள் ஜூலு மொழியில் பேசிக்கொள்ளும் தொடர். போர்க்களமும் கேடயமும் அதில் உண்டு. ஆனால் கதையைப் பிடித்திழுத்துக்கொண்டு போவது, யாருடைய வயிற்றில் பிறந்தவன் பட்டத்துக்கு வருவது என்ற வழக்கு.

அந்த வழக்கில் ஷாகாவின் பக்கம் மிக மெலிவானது. தகப்பன் சென்சாங்ககோனா நந்தியை மனைவியாக ஏற்றும் தாயும் பிள்ளையும் அங்கே நிலைக்கவில்லை. துரத்தப்பட்ட பிள்ளை தாய் வழி ஊரிலும், பிறகு ம்தெத்வா அரசர் டிங்கிஸ்வாயோவின் நிழலிலும் வளர்ந்தான். 1816 வாக்கில் தகப்பன் கண்ணை மூடியபோது பட்டம் கட்டியது சிகுஜானா என்ற வேறொரு மகனுக்கு. அவன் கொல்லப்பட்டான். டிங்கிஸ்வாயோ கொடுத்த படையோடு ஷாகா வந்து உட்கார்ந்தார்.

இதே கதை முன்பும் சின்னத்திரைக்கு வந்ததுண்டு. 1986இல் நிறவெறி அரசின் கீழிருந்த தென்னாப்பிரிக்க ஒலிபரப்புக் கழகம் 'ஷாகா ஜூலு' என்ற பத்துப் பகுதித் தொடரை வெளியிட்டது. இயக்கம் வில்லியம் ஃபவ்ரே. ஷாகாவாக வந்த ஹென்றி செலே கால்பந்துக் கோல்கீப்பராக இருந்தவர். அந்த உயரமும் பார்வையும் உலகம் முழுக்கப் பேசப்பட்டன. ஆனால் அரண்மனைக்குள் நம்மைக் கூட்டிப் போவது ஹென்றி ஃபின் என்ற ஆங்கிலேய வணிகர். ஷாகாவின் இளமை முழுவதும் அவர் கண் வழியாகத்தான் திரும்பிப் பார்க்கப்படுகிறது.

அந்தக் கண்ணை எவ்வளவு நம்புவது? ஃபின் எழுதிவைத்த மூலக் குறிப்புகள் தொலைந்துபோயின. பிற்காலத்தில் நினைவிலிருந்து திரும்ப எழுதினார். அவருடைய கூட்டாளி நதானியேல் ஐசக்ஸ் 1832இல் அவருக்கே எழுதிய கடிதத்தில், ஜூலு அரசர்களை இரத்த வெறியர்களாகக் காட்டும்படியும், கொலை எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லும்படியும் யோசனை சொல்லியிருக்கிறார். 1827இல் நந்தி இறந்த துக்கத்தில் ஏழாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள் என்பது ஃபின் தந்த கணக்கு. வரலாற்றாசிரியர்கள் அதைச் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

புதிய தொடரை எடுத்தவர்கள் வேறு வாசலைத் தட்டினார்கள். ஜூலு அரச குடும்பத்தாரிடம் போய்க் கேட்டார்கள். குடும்பத்தாரைக் கேட்டு எழுதும் கதைக்கும் ஒரு சாய்வு உண்டுதான். எந்த வீட்டிலும் தாத்தாவின் தவறுகள் கொஞ்சம் மெல்லத்தான் சொல்லப்படும். 2010இல் டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்தில் ஆயுதமில்லாமல் மாடுகளோடு நிற்கும் ஷாகா சிலையை வைத்தபோது, எங்கள் அரசர் மாடு மேய்க்கிற பையனா என்று அரச குடும்பம் சீறியது. சிலை அகற்றப்பட்டது. ஷாகாவை யார் எப்படிக் காட்டுவது என்பது அங்கே இன்னும் ஆறாத விஷயம்.

தொடரைப் பார்த்தவர்களுக்குச் செய்தித்தாளிலும் அதே கதை ஓடியது. 2021 மார்ச்சில் ஜூலு அரசர் குட்வில் ஸ்வெலித்தினி மறைந்தார். அவருக்கு மனைவியர் ஆறு பேர். உயிலின்படி பொறுப்பேற்ற அரசி மன்ட்ஃபோம்பி சில வாரங்களிலேயே இறந்துபோக, அவர் கைகாட்டிய மகன் மிசுஜூலு முன்னால் வந்தார். பங்காளிகள் எதிர்த்தார்கள். 2022 அக்டோபர் 29 அன்று டர்பன் விளையாட்டரங்கில் குடியரசுத் தலைவர் ராமபோசா அங்கீகாரச் சான்றிதழ் கொடுத்தார். 2023 டிசம்பரில், அதாவது தொடரின் முதல் பருவம் ஓடிய அதே ஆண்டில், அந்த அங்கீகாரம் வழங்கப்பட்ட முறை சட்டப்படி செல்லாது என்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஈட்டி போய் வழக்கறிஞர் வந்திருந்தார், சண்டை பழையதுதான்.

ஷாகாவின் கதையில் பலரும் கவனிக்காமல் விடுவது அவருடைய அத்தையை. சென்சாங்ககோனாவின் அக்காள் ம்கபாயி இரட்டையரில் ஒருத்தி. இரட்டைப் பிறப்பில் ஒரு பிள்ளையைக் கொல்வது அன்றைய வழக்கம். தகப்பன் ஜாமா மறுத்ததால் பிழைத்தவள். தம்பி வளரும்வரை ஆட்சியைப் பார்த்துக்கொண்டாள். மணம் செய்துகொள்ளவில்லை. பிற்காலத்தில் ஷாகாவைத் தீர்த்துக்கட்டும் திட்டத்துக்கும் அவள் ஆசி இருந்ததாகச் சொல்வார்கள். அரியணையில் உட்காராமலே அதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவள் என்ற வகையில், அந்த வீட்டில் நந்திக்கு ஈடு அவள்தான்.

1828 செப்டம்பரில் க்வாடுகுஸாவில் மாற்றாந்தாய் மக்களான டிங்கானேயும் ம்லங்கானாவும் ஷாகாவைக் குத்திக் கொன்றார்கள். கொஞ்ச நாளில் ம்லங்கானாவையும் டிங்கானே ஒழித்தார். ம்பாண்டே என்ற இன்னொரு தம்பியை மட்டும், இவனால் என்ன ஆகப்போகிறது என்று உயிரோடு விட்டார்.

ஷாகா வாரிசு என்று யாரையும் ஏற்றுக்கொண்டதில்லை. 1840இல் டிங்கானேயைத் துரத்தி ம்பாண்டே பட்டத்துக்கு வந்தார். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆண்டார். இன்றைய அரசர் மிசுஜூலு அந்தத் தம்பியின் வம்சம்.