கறுத்த வெள்ளி

பழைய வெள்ளிக் காசைத் துலக்கலாமா என்று நாணயம் சேகரிப்பவர்களிடம் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: தொடாதே. எங்களூர்ப் பெண்களிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: இதெல்லாம் ஒரு கேள்வியா, திருநீறு எதற்கு இருக்கிறது? இந்த இரண்டு உறுதிகளுக்கும் நடுவே ஒரு முழு மாசி, பங்குனியைக் கழித்தவன் நான். முதல் பதிலின் பக்கம்தான் நின்றேன், இன்றும் அங்கேதான் நிற்கிறேன். ஆனால் அந்தப் பக்கத்தில் நிற்பது நினைத்ததைவிடக் கடினம் என்று தெரிந்துகொண்டேன்.

வெள்ளி இரும்பைப் போலத் துருப்பிடிப்பதில்லை. காற்றில் மிக நுண்ணிய அளவில் கலந்திருக்கும் கந்தகச் சேர்மங்கள் அதன் மேற்பரப்பில் வெள்ளி சல்ஃபைடாகப் படிகின்றன. முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு செம்பழுப்பு, ஊதா, நீலம், கடைசியில் கரி. நடுவில் தோன்றும் வண்ணங்கள் சாயம் அல்ல. மழைக்காலத்தில் சாலையில் சிந்திய எண்ணெய் மீது நிறங்கள் ஓடுமே, அதே ஒளி விளையாட்டுதான். படலத்தின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். அவ்வளவு மெல்லியதுதான், ஆனால் அது வெளியிலிருந்து வந்து ஒட்டிய தூசி அல்ல, காசின் வெள்ளியே உருமாறி நிற்பது. ஆகவே தேய்த்து எடுக்கும்போது கறுப்போடு வெள்ளியும் போகிறது. மன்னர் பெயரின் எழுத்து விளிம்புகளும், அக்கசாலையில் அச்சு விழுந்தபோது உண்டான அந்தப் பட்டுப்போன்ற மினுக்கமும் திரும்பி வராது.

அருமனையில் வெள்ளி கறுப்பதற்குக் காரணங்கள் சற்று அதிகம். ஈரக்காற்று ஒன்று. ரப்பர் இன்னொன்று. தை, மாசியில் இலையுதிர்ந்து புதுத்தளிர் வரும் நாட்களில் மரங்களில் பொடிப்பூஞ்சை நோய் பிடிக்கும். அதற்குக் கந்தகத்தூள் தூவுவது வழக்கம். விடிகாலையில் தோட்டங்களுக்கு நடுவே மஞ்சள் புகைபோல அது மிதப்பதைக் கண்டவர்களுக்குத் தெரியும். பாலைக் கெட்டியான ரப்பராக மாற்றத் தொழிற்சாலைகளில் சேர்ப்பதும் கந்தகமே. எங்களூர் மரத்தின் பால் எங்கோ போய் ரப்பர் வளையமாகத் திரும்பி வருகிறது. நாங்கள் அதை வாங்கி வெள்ளிக் கொலுசின் பொட்டலத்தில் சுற்றிவைத்து, மறுவருடம் கொலுசில் கறுத்த கோட்டைப் பார்த்து வியக்கிறோம்.

காசுகளும் இந்த மண்ணுக்குரியவைதான். நாஞ்சில்நாடு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அருமனை இருப்பது விளவங்கோட்டில். 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. திருவிதாங்கூருக்குத் தனிக் கணக்கு: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். வெள்ளிச் சக்கரம் அரை கிராமுக்கும் குறைவு, மிளகைத் தட்டி வைத்தாற்போல இருக்கும். விரலால் எண்ண முடியாது என்பதால் குழிகள் கொண்ட மரப்பலகையில் கொட்டி, அசைத்து, நிரம்பிய குழிகளைக் கணக்கிட்டார்கள். சங்கு முத்திரையிட்ட காசுகளில் ஆண்டு கொல்லம் ஆண்டாக இருக்கும். 825-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். 1116 என்றிருந்தால் 1940-41.

என் அப்பாவின் அக்காவிடம், நான் மாமி என்று அழைத்தவரிடம், பதினான்கு அரை ரூபாய்கள் இருந்தன. 2019-ல் மாமி காலமானபிறகு பங்கு வைக்கும்போதுதான் முழுதாகப் பார்த்தோம். பதின்மூன்று காசுகள் மலையாளச் செய்தித்தாளில் உருளையாகச் சுற்றப்பட்டிருந்தன. பிரித்தால் விளிம்புகள் மட்டும் கறுத்திருந்தன. ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த முகங்கள் வெளிறிய சாம்பல் நிறத்தில் தெளிவாக இருந்தன. மேல்கடைசியும் கீழ்கடைசியும் மட்டும் வெளிப்பக்கத்தில் நீலம் பாய்ந்திருந்தன. அந்தக் கறுப்பை வாசிக்க வேதியியல் வேண்டாம். சுற்றிவைத்த நாள்முதல் இந்த உருளையை யாரும் பிரிக்கவில்லை. மாமாவின் நீண்ட நோயில் நிலம் ஒற்றிக்குப் போனது எனக்கே நினைவிருக்கிறது. அப்போதும் இது பிரிக்கப்படவில்லை. ஏன் என்று கேட்க ஆளில்லை.

பதினான்காவது காசு ஆமாடப்பெட்டியில் தனியாகக் கிடந்தது. இருபுறமும் கரி. அதைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் கறுப்புக்கு அடியில் மயிரிழைக் கீறல்கள், எல்லாம் வட்டமாக ஒரே திசையில் சுழல்பவை. மூத்த மைனி, அதாவது மாமியின் மகள், பார்த்ததும் சொன்னார்: "இது கனிக்கு வைக்கிற காசில்லா மக்கா. அம்மை திருநீறு போட்டு வெளக்குவா." விஷுவுக்கு முந்தைய இரவில் உருளியில் அரிசியும் வெள்ளரிக்காயும் கண்ணாடியும் கொன்றைப்பூவும் வைத்து நடுவில் வைப்பது இந்தக் காசு. மாமா 1978-ல் இறந்தார். அதன்பின் மாமி கனி ஒருக்கவில்லை. விதவை கனி வைப்பதில்லை என்பது அன்றைய வழக்கம். யாரும் சொல்லி அவர் நிறுத்தினாரா, தானே நிறுத்திக்கொண்டாரா தெரியாது.

கீறல்கள் மாமி சுமங்கலியாக இருந்த ஆண்டுகள். மேலே படிந்த கறுப்பு நாற்பத்தொரு ஆண்டுகள். ஒரு பெண்ணின் வாழ்க்கை இரண்டு அடுக்குகளாக ஒரு காசில் கிடக்கும்போது அதைத் துலக்கக்கூடாது என்று சொல்ல எனக்குத் தோன்றியது இயல்புதானே?

உருளைக் காசுகளில் ஏழு இளைய அத்தானின் பங்குக்குப் போயின. மறுவாரமே ஒரு நகைக்கடையில் கொடுத்து அமிலத்தில் முக்கி எடுத்துவந்தார். ஏழும் ஒரே வெளுப்பு, அலுமினியத் தட்டைப்போல. எது மேல்கடைசியில் இருந்தது, எது நடுவில் இருந்தது என்று இனி எவரும் சொல்லமுடியாது. சந்தையிலும் அவருக்கு நட்டம். தரம் பிரித்து உறையிடும் அமெரிக்க நிறுவனங்கள் இத்தகையவற்றுக்கு 'துலக்கப்பட்டது' என்று குறித்து எண்ணில் தரம் தர மறுத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், அழகான வண்ணப்படலத்துக்கு விலை கூடுவதால் அவித்த முட்டையோடு டப்பாவில் அடைத்து ஒரே இரவில் 'பழமை' ஏற்றுகிறவர்களும் உண்டு.

எல்லாக் காசையும் தொடாதே என்பதும் மூடத்தனம்தான். மண்ணுக்கடியில் கிடந்த காசுக்கு நியாயம் வேறு. கலப்புலோகமான செம்பு கசிந்து வெள்ளிக்காசையே பச்சைக் கட்டியாக்கிவிடும். கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த மாக்கோதை வெள்ளிக்காசு போன்றவற்றில் மண்கட்டி இருக்கும்வரை முகமும் இல்லை, தமிழ்-பிராமி எழுத்தும் இல்லை. வாசிக்கவேண்டுமென்றால் நீக்கத்தான் வேண்டும். சென்னை அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் பாதுகாப்புக்கூடம் அமைத்து, எஸ். பரமசிவன் வெண்கலச் சிலைகளை மின்பகுப்பு முறையில் சுத்தம் செய்தார். 'வெண்கல நோய்' சிலையைத் தின்றுகொண்டிருக்கும்போது களிம்பின் அழகைப் பேசிக்கொண்டிருக்க முடியாது. என்னிடமிருந்த சில சக்கரங்களில் மலிவான பிளாஸ்டிக் உறையிலிருந்து வந்த பச்சைப் பிசுபிசுப்பை நானே அசிட்டோனில் ஊறவைத்து நீக்கினேன். அது வெள்ளி சல்ஃபைடைத் தொடுவதில்லை, பிசினை மட்டும் கரைக்கும். நோயும் வயதும் வேறு என்பதே என் கட்சி.

இதையெல்லாம் மைனியிடம் சொன்னேன். திருவட்டாறு ஆதிகேசவனைக்கூட உதாரணம் காட்டினேன். கடுசர்க்கரை யோகத்தில் அமைந்த திருமேனி, மூலவருக்கு அபிஷேகமே கிடையாது. கழுவாமல் இருப்பதும் ஒரு பூசைதானே என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். இவ்வளவு நாளும் தன் மாமியார் வீட்டு வழக்கப்படி கனி வைத்தவர், அந்த வருடம் அம்மையின் வீட்டில் அம்மையின் காசை வைக்க விரும்பினார்.

"நீ சொல்லுகது புரியுது. அம்மைக்க கறுத்த காலத்த நீ காத்து வைக்கணும்ங்க. ஆனா அவளுக்கு அது பிடிச்சா கெடந்துது? உயிரோட இருந்து ஒருத்தன் அனுமதிச்சிருந்தா, அவளே வெளக்கியிருப்பா."

என் வாதத்தில் இதற்கு இடமில்லை. கறுப்பை நான் ஆவணமாகப் பார்த்தேன். அவர் அதைத் தண்டனையாகப் பார்த்தார். ஆவணம் அழியக்கூடாது என்று இப்போதும் நினைக்கிறேன். அதை அவருடைய அம்மையின் காசின்மீது வைத்து வற்புறுத்த எனக்கு என்ன உரிமை என்பதற்கு மட்டும் விடை கிடைக்கவில்லை.

இருபுறமும் விளிம்பும் சாய்வெளிச்சத்தில் படமெடுத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். ஒரு மணிநேரம் தந்தார். பிறகு சங்கராந்தி இரவில் திண்ணையில் உட்கார்ந்து திருநீற்றைக் குழைத்து, பெருவிரலால் வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தார். நான்கு முறை திருநீறு மாற்றவேண்டியிருந்தது. முதலில் வந்தது தார்போலக் கறுப்பு, பிறகு சாம்பல். சங்கின் மடிப்புகளில் கொஞ்சம் கறுப்பு போகவில்லை. குச்சி கொண்டு நோண்டப் போனவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அதை அப்படியே விட்டுவிட்டு, காசை முந்தானையில் துடைத்து உருளியில் வைத்தார்.