அந்த எட்டு ஆண்டுகள்

எங்கள் ஆயர் தாவார் பக்கம் பள்ளி விழாவில் மாறுவேடப் போட்டி என்றால் ஒரு வேலு நாச்சியாராவது மேடை ஏறாமல் இருக்கமாட்டார். அட்டையில் வெட்டிய வாள், அம்மாவின் பட்டுப்புடவை, தங்கத்தாள் ஒட்டிய கிரீடம். இந்த ஆண்டு என் மகளின் முறை. இரண்டு நிமிடத்துக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தேன். காளையார்கோவிலில் கணவரை இழந்தார், தப்பிச் சென்றார், எட்டு ஆண்டுகள் கழித்துப் படையோடு வந்து சிவகங்கையை மீட்டார். மனப்பாடம் செய்துகொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"எட்டு வருஷம் ராணி எங்கம்மா இருந்தாங்க? என்ன செஞ்சாங்க?"

நம் மேடைகள் எப்போதும் தாவிக் கடக்கும் இடம் அது. வாள் வீச்சு இல்லாததால் நாடகத்துக்கு உதவாது என்று விட்டுவிடுகிறோம். எனக்கோ அவர் வாழ்க்கையிலேயே கனமான பகுதி அதுதான் என்று தோன்றுகிறது.

1772 ஜூன் மாதம். ஆற்காடு நவாப் முகமது அலியின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் சேர்ந்து காளையார்கோவிலைத் தாக்கின. மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். வேலு நாச்சியாருக்கு அப்போது 42 வயது. துக்கம் காக்கக்கூட நேரமில்லை. மகள் வெள்ளச்சியை அழைத்துக்கொண்டு மேற்கே போனார். கூடவே முதிய அமைச்சர் தாண்டவராய பிள்ளையும் மருது சகோதரர்களும். பழனி மலையடிவாரத்தில், இன்றைய ஒட்டன்சத்திரத்துக்கு அருகில் உள்ள விருப்பாச்சியில் பாளையக்காரர் கோபால நாயக்கர் இடம் கொடுத்தார். அங்கே சிவகங்கைக்கு நவாப் 'உசேன் நகர்' என்று பெயரையே மாற்றிவிட்டார். தன் ஊர் தன் பெயரில்கூட இல்லை என்ற செய்தி வந்து சேர்ந்த நாளில் அந்த வீட்டில் எப்படி இருந்திருக்கும்!

அவர் சும்மா இருக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே தாண்டவராய பிள்ளை மைசூரின் ஹைதர் அலிக்குக் கடிதம் எழுதினார். 5,000 குதிரை வீரர்களும் 5,000 காலாட்படையினரும் வேண்டும் என்பது கோரிக்கை. உடனே எதுவும் கிடைத்துவிடவில்லை. கடிதம் எழுதிய பெரியவர், சிவகங்கையைத் திரும்பப் பார்க்காமலேயே கண்ணை மூடினார். மூத்த துணை போன பிறகு ராணியே திண்டுக்கல்லில் ஹைதரைச் சந்தித்து உருது மொழியில் பேசினார் என்பார்கள். சின்ன வயதில் வாளோடும் வில்லோடும் சேர்த்துக் கற்ற மொழி அது. குழந்தைகளுக்குச் சொல்லும்போது நாம் வாளை மட்டும் சொல்கிறோம், மொழியை விட்டுவிடுகிறோம். ஹைதரிடம் அவரைக் கொண்டு நிறுத்தியது வாள் இல்லையே.

மற்றபடி அந்த ஆண்டுகள் காத்திருப்பில்தான் போயின. மருது சகோதரர்கள் சிவகங்கைச் சீமையில் விசுவாசமானவர்களைத் திரட்டினார்கள். உடையாள் பெயரில் பெண்கள் படை உருவானதாக ஊர்க்கதைகள் சொல்கின்றன. உடையாள், குயிலி கதைகளை வரலாற்று ஆசிரியர்கள் எல்லாரும் ஏற்பதில்லை. என் மகளிடமும் அதைக் கதை என்றே சொன்னேன். வெள்ளச்சி அடுத்தவர் நிழலிலேயே வளர்ந்தாள். இடம் கொடுத்த கோபால நாயக்கருக்கு நவாபின் பகையும் கம்பெனியின் பகையும் வரும் என்பது தெரியாமல் இருந்திருக்காது. 1780-இல் ஹைதர் பெரும்படையோடு கர்நாடகப் பகுதிக்குள் இறங்கினார். நவாபும் கம்பெனியும் அவரைச் சமாளிக்கத் திணறிய அந்த ஆண்டில்தான் ராணி சிவகங்கையைத் திரும்பப் பிடித்தார். அதுவரை பொறுத்திருந்தார் பாருங்கள், அதைத்தான் மேடையில் நடிக்க முடியவில்லை.

போனவர்கள் எல்லாரும் திரும்பிவிடுவதில்லை. அயர்லாந்தில் 1607-இல் ஆங்கிலேயருக்கு அஞ்சி, டைரோன் பிரபு ஹியூ ஓ'நீலும் மனைவி கேத்தரினும் உறவினர்களோடு ராத்முல்லன் கடற்கரையில் கப்பல் ஏறினார்கள். கிளம்பிய அவசரத்தில் சின்ன மகன் கோன் கரையிலேயே விடுபட்டான். அவன் ஆங்கிலேயர் கையில் சிக்கினான். பெற்றவர்கள் இத்தாலி வரை போனார்கள், ஊர் திரும்பவே இல்லை. வேலு நாச்சியார் மகளைக் கையோடு கொண்டுபோனதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கேத்தரின் ஞாபகம் வருகிறார்.

சிவகங்கையின் கதையில் நாடு கடத்தல் 1780-ஓடு முடியவும் இல்லை. ராணி 1796-இல் மறைந்தார். 1801-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். கோபால நாயக்கருக்கும் அதே ஆண்டில் அதே முடிவு. மறு ஆண்டு, வெள்ளச்சியின் கணவர் வேங்கன் பெரிய உடையத் தேவரையும் சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் இன்னும் பலரையும் கம்பெனி தூத்துக்குடியில் கப்பலேற்றி அனுப்பியது. எங்கே தெரியுமா? நம் பினாங்குக்கு. வேண்டாதவர்களைக் கடல் தாண்டி அனுப்புவது அவர்கள் வழக்கம். நம் பேராக் சுல்தான் அப்துல்லாவையும் 1877-இல் செய்ஷெல்ஸ் தீவுக்கு அனுப்பினார்கள்.

மலாயாத் தமிழர் கதையை நாம் ரப்பர் தோட்டத்திலும் கங்காணியிலும் தொடங்குகிறோம். என் தாத்தாவும் அப்படி வந்தவர்தான். ஆனால் இங்கே ரப்பர் மரம் நடப்படுவதற்கு எழுபது ஆண்டுகளுக்கும் மேல் முன்னால், சிவகங்கை அரண்மனை மருமகன் கைதியாக இந்தப் பக்கம் கொண்டுவரப்பட்டிருக்கிறார். விடுமுறைக்கு நாம் காரில் போய் நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு வரும் பினாங்குதான் அது.

ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1818-இல் அங்கே போனார். இளம் வயதில் சின்ன மருதுவோடு பழகி, அவரிடம் வளரி எறியக் கற்றுக்கொண்டவர். பிறகு அவர்களுக்கு எதிராகவே போரிட்டவர். பினாங்கில் தளர்ந்துபோன ஒரு கிழவர் அவரைத் தேடி வந்து நின்றார். யாரென்று வெல்ஷுக்குத் தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகுதான் தெரிந்தது, துரைசாமி. நாடு கடத்தப்பட்டபோது சிறுவனாக இருந்தவர். வெல்ஷ் பார்த்தபோது அவருக்கு முப்பதைச் சற்றுத் தாண்டிய வயதுதான்.