பழுப்பு விழாத இடம்

அந்தத் திசுப் பரிசோதனை அறையில் மின்விசிறி உண்டு, போடுவதில்லை. மதுரை மே மாத வெயிலுக்கும் விலக்கு கிடையாது. மைக்ரோடோமில் மெழுகுக் கட்டியைச் சீவும்போது வரும் ரிப்பனின் தடிமன் 4 மைக்ரான்; ஒரு மில்லிமீட்டரை 250 கூறு போட்டால் அதில் ஒன்று. "கொஞ்சம் தள்ளி நின்னு மூச்சு விடுங்க சார்" என்றார் டெக்னீஷியன் அக்கா. கேலியில்லை. இருமினால் ரிப்பன் பறந்துவிடும்.

மெழுகுக்குள் இருந்தது ஒரு பெரியவரின் புராஸ்டேட்டிலிருந்து ஊசியால் எடுத்த திசு. வழக்கமாக 12 இடங்களில் எடுப்பார்கள். ஒவ்வொன்றும் உடைந்த சேமியாத் துண்டு போலத்தான் இருக்கும். ஃபார்மலினில் ஊறி, ராத்திரி முழுக்க மெஷினுக்குள் ஆல்கஹால், சைலீன் என்று மாறிமாறிக் கிடந்து, மெழுகேறி பிளாக் ஆகி வந்திருந்தது. ஐஸ் தட்டில் குளிர்ந்த பிளாக்கை மாட்டி, சக்கரத்தை ஒரே சீராகச் சுற்றினார் அக்கா. ரிப்பனைப் பிரஷ்ஷால் தூக்கி வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டதும் சுருக்கம் பிரிந்தது. அடியில் ஸ்லைடைக் கொடுத்து ஏந்திக்கொண்டார்.

முதல் சாயத்துக்கு இரண்டு மூன்று ஸ்லைடு போதும். அவரோ இடையில் வந்த ரிப்பன்களையும் விடவில்லை. திசு கழன்றுவிடாதபடி பூச்சிட்ட ஸ்லைடுகளில் ஏந்தி, சாயம் போடாமல் தனியே அடுக்கினார். "நாளைக்கு டாக்டர் இன்னும் வேணும்பாங்க. பிளாக்கைத் திரும்ப மாட்டினா, மட்டம் பிடிக்கறதுலயே டிஷ்யூ போயிடும்."

முதல் சாயம் ஹெமடாக்சிலினும் இயோசினும். ஹெமடாக்சிலின் மெக்சிகோவின் கம்பெச்சே பகுதி மரமொன்றின் வைரத்திலிருந்து எடுப்பது. செவ்வூதாவாக வெளியே வரும் ஸ்லைடு, குழாய்த் தண்ணீரில் நின்ற பிறகே நீலம் பிடிக்கிறது. தண்ணீரின் லேசான காரத்தன்மை செய்யும் வேலை. உட்கரு நீலம், மற்றவை இளஞ்சிவப்பு. மலிவான சாயம்தான், ஆனால் லேசாக எண்ண வேண்டாம். மினியாபொலிஸ் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் இருந்த டொனால்ட் கிளீசன் 1966-இல் வெளியிட்ட புராஸ்டேட் புற்றின் தரவரிசை, இந்தச் சாயத்தில் சுரப்பிகள் எப்படி அமைந்து தெரிகின்றன என்பதை மட்டுமே பார்த்தது. பல திருத்தங்களோடு இன்றும் அதுவே புழக்கத்தில் இருக்கிறது.

பெரியவரின் திசுவில் சந்தேகத்துக்குரிய சுரப்பிகள் ஆறேழுதான். நல்ல சுரப்பிக்கு இரண்டு அடுக்கு. வெளியடுக்கில் அடித்தளச் செல்கள். புற்றுச் சுரப்பியில் அந்த வெளியடுக்கு இருக்காது. ஆனால் முதல் சாயத்தில் அதை உறுதியாகச் சொல்வது சிரமம். சுருங்கிப்போன நல்ல சுரப்பிகூட ஆளை ஏமாற்றும்.

எடுத்து வைத்த ஸ்லைடுகள் அப்போதுதான் வெளியே வந்தன. முதலில் குக்கர், ஆமாம், சமையலறைக் குக்கரேதான். ஃபார்மலின் இறுக்கிவைத்த புரதங்களை அந்தச் சூடு இளக்கிவிடும். பிறகு அந்தப் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடிகள். பி63-உம் கனமான சைட்டோகெரட்டினுக்கு உரியதும் அடித்தளச் செல்களைப் பழுப்பாகக் காட்டும். ஏ.எம்.ஏ.சி.ஆர். புற்றுச் செல்களைச் சிவப்பாகக் காட்டும். சிவப்பை மட்டும் நம்பக்கூடாது. புற்றுக்கு முந்தைய மாற்றத்திலும் அது வரும்.

ஆக, நிறம் வராத இடத்தைப் பார்த்துத் தீர்ப்பு. சாயம் சொதப்பினாலும்தான் நிறம் வராதே? அதனால் மைக்ரோஸ்கோப்பில் டாக்டர் முதலில் தேடியது பக்கத்திலிருந்த நல்ல சுரப்பியை. அதைச் சுற்றிப் பழுப்பு வளையம் பளிச்சென்று விழுந்திருந்தது. "இங்க வந்திருக்கு. அப்போ அக்கா வேலை சரி" என்றபடி ஸ்லைடை நகர்த்தினார். சந்தேகச் சுரப்பிகளைச் சுற்றிப் பழுப்பு துளிகூட இல்லை, உள்ளே சிவப்பு. முதல் சாயத்தில் கண்ட அமைப்பும் ஒத்துப்போனது. புற்று என்று எழுதிக் கையெழுத்திட்டார். ரிப்பன் ஏந்தியவர் பெயருக்கு அந்தத் தாளில் இடமில்லை. இருந்தால் என்ன குறைந்துவிடும்?

அதே பிளாக்கில் இன்னும் ஆழத்தில் வெட்டிய ஸ்லைடையும் டாக்டர் எனக்குக் காட்டினார். அந்த ஆறேழு சுரப்பிகள் அதில் இல்லவே இல்லை. அக்கா இடையில் வந்த ரிப்பன்களைக் குப்பையில் போட்டிருந்தால், பெரியவர் மறுபடியும் ஊசிக்குப் படுக்க வேண்டியிருக்கும்.