அசையாத அச்சு

ஒரு மழைக்காலச் சனிக்கிழமை மாலை அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்சக்கரம் பஞ்சராகிவிட்டது. திங்களன்று வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. ஆகவே தங்கையும் நானும் அப்பாவுக்குத் துணையாகச் சக்கரத்தைக் கழற்ற முனைந்தோம்.

நட்டு எளிதில் கழன்றது. அச்சோ அசையவில்லை. மழைநீர் புகுந்து, அச்சும் பேரிங்கும் துருவால் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்பா கோபத்தில் சுத்தியலை ஓங்கினார். நுனியிலுள்ள மரை நசுங்கினால் நட்டு மீண்டும் ஏறாது! அம்மா மண்ணெண்ணெயுடன் ஓடி வந்து, "ராத்திரி முழுக்க ஊறட்டுங்க" என்றார்.

மறுநாள் திருப்பலி முடிந்து வந்தோம். மரையைக் காக்க, நட்டை அச்சின் நுனிவரை திருகினோம். அதன்மேல் மரக்கட்டையை வைத்து அப்பா மெல்லத் தட்டினார். மறுபுறம் நாங்கள் ஸ்பானரால் அச்சின் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினோம். ஒரு மணி நேரத்திற்குப் பின் 'கிறீச்' என்றது. விரலளவு நகர்ந்தது! பிறகு நட்டை நீக்கி, கம்பியால் தட்டி வெளியே எடுத்தோம்.

அச்சில் கிரீஸ் துளியுமில்லை. "போன தடவை நான்தான் வைக்க மறந்துட்டேன்" என்றார் அப்பா. அவர் தம் தவறை எங்களிடம் ஒப்புக்கொண்டது அதுவே முதல் முறை. துருவைத் தேய்த்து, கிரீஸ் தடவும் வேலையை எங்களிடமே விட்டார்.

திங்கள் காலை வண்டி புறப்பட்டது. பலத்தால் ஆகாததைப் பொறுமை செய்யும் என்பதை அன்று கண்டோம்.