செட் என்றொரு சொல்

முதலாண்டில் ஒருநாள் ஆங்கில வகுப்பில் ‘செட்’ என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டார் ஆசிரியர். கடைசி வரிசையிலிருந்த என்னைத்தான் எழுப்பினார். “பம்பு செட், சார்” என்றேன். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து சில நண்பர்களுக்கு என் பெயரே அதுதான். அதன்பின் பல வாரங்கள் அவ்வகுப்பில் நான் வாய் திறக்கவில்லை.

அச்சொல் என் நாவில் முதலில் வந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் கூரம். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில், பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால்வாய் வெட்டி இங்கே ஏரிக்கு நீர் கொண்டுவந்த செய்தியைக் கூரம் செப்பேடு சொல்கிறது. பல்லவர் தண்ணீர் எங்கள் வயலுக்கு வந்து நான் பார்த்ததில்லை. கிணற்றுக்கு மோட்டார் வாங்குவதற்காக அம்மா கம்மல் செட்டைக் கழற்றிக் கொடுத்ததைத்தான் பார்த்தேன். அப்போது எனக்கு வயது பன்னிரண்டு. ஒரு செட் அடகுக் கடைக்குப் போயிற்று. இன்னொரு செட் கிணற்றடிக்கு வந்தது.

சிரிப்பு மனத்தை உறுத்தவே, நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டினேன். சூரியன் மறைவதும் செட், தயிர் உறைவதும் செட், கடிகாரத்தில் நேரம் வைப்பதும் செட்! கணிதத்தில் நாம் ‘கணம்’ என்று படித்ததும் அதுவே. 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 430 பொருள்கள். (பின்னர் ‘ரன்’ என்னும் சொல் 645 பொருள்களோடு அதை முந்திவிட்டது; ஓடுகிற சொல் அல்லவா!)

இதைவிட என்னை வியக்க வைத்தது வேறொன்று. செட் ஒரு சொல்லே அன்று. இரு வேர்கள் ஒன்றிய சொல். ‘உட்கார்’ என்னும் பொருளுடைய ‘சிட்’டின் பிறவினை ஒன்று, நம் ‘இரு’, ‘இருத்து’ போல. தொகுதியைக் குறிக்கும் செட்டோ இலத்தீன் ‘செக்டா’விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஆக, கம்மல் செட்டும் பம்பு செட்டும் ஒரே குடும்பம். சூரியன் மறைகிற செட் வேறு குடும்பம்.

மறுவாரம் நானாகவே எழுந்து இதைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியர் என்னைக் கரும்பலகைக்கு அழைத்து, இரண்டு வேர்களையும் எழுதச் சொன்னார். கை நடுங்கியதில் எழுத்து கோணலாயிற்று.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். 430 என்றதும் வாயைப் பிளந்தார். பிறகு கேட்டார்:

“நம்ம மோட்டாருக்கு அதுல என்னடா போட்டிருக்கான்?”

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் காதில் இன்னும் வேப்பங்குச்சிதான்.