வெள்ளக் கால்வாய்க்குள் அரை மைல் ஓவியம்!

லாஸ் ஏஞ்சல்ஸ் என்றதும் ஹாலிவுட்தான் நினைவுக்கு வரும். அதே நகரில், துஹங்கா வாஷ் என்ற கான்கிரீட் வெள்ளக் கால்வாயின் சுவரில் 2,754 அடி நீளத்துக்கு ஓர் ஓவியம் ஓடுகிறது. பெயர், 'தி கிரேட் வால் ஆஃப் லாஸ் ஏஞ்சல்ஸ்'.

1976-ல் ஓவியர் ஜூடி பாகா தொடங்கிவைத்தார். தூரிகை பிடித்த 400-க்கும் மேற்பட்ட இளைஞர்களில் பலர், வழக்குகளில் சிக்கிய பதின்வயதினர். ஒருவரையொருவர் ஏறெடுத்தும் பார்க்காத ஏரியாக்காரர்களை ஒரே சாரத்தில் நிற்க வைத்தார் பாகா. சம்பளமும் உண்டு!

1983 வரை ஐந்து கோடைகள் வேலை நடந்தது. சிறிய தாளில் வரைந்த படத்தின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டங்களைச் சுவரில் பெரிதாக இழுத்து, ஒவ்வொன்றாக நிரப்பினார்கள். நம்மூர் சினிமா பேனர் ஓவியர்களின் அதே டெக்னிக்தான்.

வரைந்ததெல்லாம் பாடப்புத்தகம் தாண்டிப்போன பக்கங்கள். உலகப்போரின்போது முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள் இருக்கிறார்கள். சாவேஸ் ரவீன் மக்களை வெளியேற்றிய இடத்தில், டாட்ஜர் ஸ்டேடியம் பறக்கும் தட்டுபோல வந்து இறங்குகிறது. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்கலாம்.

வெயிலில் வெளுத்த வண்ணங்களை 2011-ல் புதுப்பித்தார்கள். கோல்ட்வாட்டர் கேன்யன் அவென்யூவை ஒட்டிய பாதையில் நடந்தபடியே பார்க்கலாம், டிக்கெட் கிடையாது. அந்தச் சுவரில் கதை 1950-களோடு நிற்கிறது. 1960-கள் முதலான பகுதிகளை வரையும் வேலையில் இறங்கியிருக்கிறது பாகாவின் குழு.